வெள்ளைப் பூ உத்தரவு

நிலம் வாங்குவதற்கு முன்னாலேயே நிலத்துக்குப் பேர் வைத்துவிட்ட கூட்டம் அது. சிங்காநல்லூரில் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்த மூன்று குடும்பங்கள். வாட்ஸ்அப்பில் 'நம்ம தோட்டம்' என்று ஒரு குழு. பசுமாடு வாங்குவதா எருமை வாங்குவதா என்று அதில் சண்டை போட்டு, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, மறுபடி சமாதானமாகி, சமையலறையைப் பொதுவாகவும் படுக்கையறைகளைத் தனித்தனியாகவும் கட்டிக்கொள்வதென்று தீர்மானம் போட்டார்கள். இவ்வளவும் ஆன பிறகும் ஒரு சென்ட் நிலம்கூட அவர்கள் கையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நிலம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். காரை ஓட்டுவது தீபக். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், மண்வெட்டியைக் கடையில் மட்டும் பார்த்தவன். பக்கத்தில் அவன் மனைவி மோகனப்பிரியா, பல் டாக்டர். மடியில் குழந்தை பூஜிதா. உக்கடத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஆரிஃப் வழி சொல்லுவார், பெரும்பாலும் தப்பாக. பின்சீட்டில் புவனாவும் அவள் கணவர் சம்பத்தும். பல்லடத்துப் பக்கம் பார்த்த இடத்தில் கோழிப்பண்ணை நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவிநாசி தாண்டிப் பார்த்த இடத்தில் எவ்வளவு ஆழம் போர் போட்டாலும் புகைதான் வந்ததென்று பக்கத்துக் காட்டுக்காரர் காதோடு சொல்லிப் புண்ணியம் தேடிக்கொண்டார். இன்னோரிடத்தில் அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் நின்றார்கள்.

இந்தக் கூட்டத்தில் காடு கழனியில் பிறந்து வளர்ந்தவள் புவனா ஒருத்திதான். ஆனால் அவளுக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. அப்பாவின் தோட்டத்தை அண்ணன்கள் விற்றபோது, 'பொட்டப்புள்ளைக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்றார்கள். பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டுச்சேலையும் வாங்கிக்கொண்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தாள். அந்தச் சேலையை அவள் ஒருதரம்கூடக் கட்டவில்லை. நிலம் என்றால் அவளுக்கு ஏன் அப்படி ஒரு பறப்பு என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். சென்னிமலைக்குத் தெற்கே நாச்சிவலசு. புவனாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை பூவாத்தாள், அந்தத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் அருள்குமார் பல்லடத்தில் இருந்தான். கிணற்றுப் படியில் அம்மா ஒருதரம் வழுக்கி விழுந்ததிலிருந்து, தோட்டத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அதை அவன் புவனாவிடம் சொன்னான். புவனாவுக்கு அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

மொத்தக் கூட்டமும் வந்து பார்த்தது. செம்மண். கை எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் என்று சொல்ல முடியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற ஆழத்தில் தண்ணீர். வரப்போரம் தென்னை. மோகனப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் காலை வைத்தவள் வெளியே வரமாட்டேன் என்றாள். "புவனாக்கா, நீங்க இல்லேன்னா எங்களுக்கு இது கெடச்சிருக்குமா?" என்று தீபக் சொன்னான். ஆரிஃப் ஆமோதித்தார். அதுவரை அந்தக் கூட்டத்தில் புவனா முறுக்கு சுட்டுக்கொண்டு வருகிற அக்கா, அவ்வளவுதான். அன்றைக்கு எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அளவுக்கு மீறிப் பிடித்திருந்தது.

நிலம் பூவாத்தாள் பேரில் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவளோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தாள், இளநீர் வெட்டச் சொன்னாள், குழந்தைக்கு நிலக்கடலை வறுத்துக் கொடுத்தாள். நாலாவது தடவை போனபோது புவனாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மனுசங்க பேச்சுக் கேட்டு நா எதும் செய்யமாட்டேன் கண்ணு. அருளு அழுகறான், நீங்களும் ஆசைப்படறீங்க. எனக்கு ரோசன ஓடமாட்டீங்குது. கன்னிமாரக் கேட்டுப்போடலாம். வர்ற வெள்ளிக்கெழம வாங்க. வெள்ள குடுத்தா கையெழுத்துப் போடறேன். செவப்புக் குடுத்தாங்கன்னா, அப்பறம் எம்பையன் கால்ல உழுந்தாலும் நா எந்திரிக்கமாட்டேன்."

கிணற்று மேட்டில் வேம்படியில் ஏழு கற்கள் இருந்தன. அவைதான் கன்னிமார். வெள்ளிக்கிழமை தவறாமல் பூவாத்தாள் அவற்றைக் கழுவி, மஞ்சள் பூசி, விளக்கு வைப்பாள். அந்தக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா, மாடு விற்பதா, கிணறு ஆழப்படுத்துவதா, எதுவானாலும் அங்கேதான் பூப்போட்டுக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் ஒன்றுபோல் மடித்துக் கற்களின் முன்னால் வைக்க, விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் உத்தரவு, சிவப்பு என்றால் இல்லை. எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, வாய்க்கால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒருதரம் கேட்டதை மறுபடி கேட்கவும் கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் குளித்து முழுகிப் போனார்கள். ஆரிஃப்கூட இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். பூவாத்தாள் வாழையிலைத் துண்டு இரண்டும் நூலும் எடுத்துப் புவனாவின் கையில் கொடுத்தாள்.

"நீ எனக்குப் புள்ள மொற. நீயே பூப்பறிச்சு மடி கண்ணு. நா மடிச்சா எனக்குத் தெரிஞ்சுபோயிரும்."

புவனா கிணற்றுக்கு அந்தப் பக்கம் போனாள். நந்தியாவட்டை பறித்தாள். செவ்வரளியும் பறித்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். சிவப்பைப் பறித்து இலையில் வைத்தும்விட்டாள். அப்புறம்தான் மரங்களுக்கு நடுவே பார்த்தாள். தீபக் தென்னையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சமையலறை எங்கே வரும் என்று மோகனப்பிரியா சம்பத்துக்குக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். இவர்கள் முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது? அருள்குமார் எப்படியும் விற்கத்தான் போகிறான். சைட் போடுகிறவன் எவனாவது வந்தால் ஒரு தென்னையும் மிஞ்சாது. நம் கைக்கு வந்தால் மரமாவது நிற்கும். எல்லாம் நல்லதுக்குத்தான். 'நல்லதுக்குத்தான்' என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால் அங்கே ஏதோ கோளாறு என்று அர்த்தம். அவள் செவ்வரளியை எடுத்து வாய்க்காலில் போட்டாள். இரண்டாவது இலையிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்து நூலைச் சுற்றினாள். முடிச்சு சரியாக விழவில்லை.

பூஜிதாவுக்கு எதை எடுப்பதென்று குழப்பம். இரண்டையும் எடுக்கப் பார்த்தாள். "ஒன்னுதான் அம்மணி" என்றாள் பூவாத்தாள். குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூவாத்தாள் நூலைப் பிரித்தாள். உள்ளே இருந்த வெள்ளைப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மற்றப் பொட்டலத்தைப் புவனாவே எடுத்து வாய்க்காலில் விட்டாள். அது கண்ணுக்கு மறையும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"செரி. சொல்லிப்போட்டாங்க" என்றாள் பூவாத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் புவனாவும் கொஞ்ச நாளில் மறந்திருப்பாள். மனித மனசு அந்த விஷயத்தில் நல்ல கெட்டி. ஆனால் மோகனப்பிரியாவுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றிவிட்டது. "அந்தம்மா அந்த ஊட்டுலயே இருக்கட்டுமேங்க அக்கா. நாம வாரத்துக்கு ஒருக்காத்தான போவோம். தோட்டத்துக்கும் ஆள் இருந்த மாதிரி ஆச்சு, அவங்களுக்கும் எடம் விட்டுப் போன மாதிரி இருக்காது." எல்லோரும் சரி என்றார்கள். புவனாவுக்குத் தலைகால் புரியவில்லை. செய்த தப்புக்கு வட்டியும் முதலுமாக ஈடு கிடைத்துவிட்டதென்று உடனே போனை எடுத்தாள்.

பூவாத்தாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"போன்னு சொன்ன எடத்துல எப்படிக் கண்ணு இருக்கறது?"

"அப்பிடியெல்லாம் ஏனுங்க நெனைக்கறீங்க சின்னம்மா? விக்கறதுக்குத்தான உத்தரவு குடுத்தாங்க."

"ரண்டும் ஒன்னுதான கண்ணு. எங்கிட்ட இருக்கப் புடிக்காமத்தான வேற கைக்குப் போறாங்க. நா என்ன கொற வெச்சேன், சொல்லு பாக்கலாம். ஒரு வெள்ளிக்கெழம தவறுனதில்ல. உங்க சித்தப்பா செத்த தீட்டுலகூட நா போகக்கூடாதுன்னு பக்கத்துக் காட்டுக்காரிய உட்டு வெளக்கு வெக்கச் சொன்னேன். நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், ஒன்னும் ஆப்புடமாட்டீங்குது."

புவனா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். நிலத்தைத்தான் வாங்குகிறோம் என்று நினைத்திருந்தாள். இந்த மனுஷி தனக்கென்று வைத்திருந்த ஏழு பேரையும் சேர்த்தல்லவா பிடுங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அருள்குமார் ஒருநாள் போனில் குறைப்பட்டுக்கொண்டான். அம்மா கிணற்று மேட்டுப் பக்கமே போவதில்லையாம். விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டாளாம். கேட்டால், போ என்று சொன்னவர்கள் முன்னால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது என்கிறாளாம். மாட்டைக்கூட விலை பேசாமல் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஓட்டிவிட்டாளாம். "எங்கூட வாரதுல அம்மாக்கு இம்புட்டு வெறுப்பான்னு தெரியலீங்க அக்கா" என்றான். பாவம், அவன் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டான். அதையும் புவனா கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தாள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்த சம்பத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நீ மடிச்ச பூவுக்காவா அந்தம்மா காட்ட விக்குது? மகன் நச்சரிக்கறான், விக்குது. நீ ஒன்னும் புதுசா செஞ்சுபோடல."

"பையன் சொல்லி அவங்க கேக்கவே இல்லீங்க. கன்னிமார் சொன்னதாலதான் ஒத்துக்கிட்டாங்க."

"செரி, இப்பப் போயிச் சொன்னா என்ன ஆகும்? தீபக்கு பேங்குல லோன் வாங்கிப்போட்டான். ஆரிஃப் பாய் வெச்சிருந்த சைட்ட வித்துட்டாரு. எல்லார்த்தையும் நடுத்தெருவுல உட்டுப்போட்டு உனக்குப் புண்ணியம் வேணுமாக்கும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தனக்குத் தோதான இடத்தில் இருக்கிற நியாயத்தைப் போல வசதியானது வேறில்லை. புவனா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பத்திரப்பதிவுக்கு முந்தின நாள் பகலில், மறுநாள் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வதற்காக அவளும் சம்பத்தும் நாச்சிவலசு போனார்கள். சம்பத் வேலியோரம் அளவு பார்க்கப் போய்விட்டார். பூவாத்தாள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். புவனா பக்கத்தில் உட்கார்ந்தாள். பூவாத்தாள் முறத்தை நிறுத்தினாள்.

"ஒன்னு கேக்கோணும்னு இருந்தேன் கண்ணு. அன்னிக்குப் பூ மடிக்கறப்ப உனக்கு ஏதாச்சும் தோணுச்சா? வேண்டாம்னு கிண்டாம்னு, ஏதாச்சும்? செல பேருக்குக் கையிலயே தெரியும்பாங்க."

கேட்கிற விதத்தில் கேட்டுவிட்டாள். இதைவிடப் பெரிதாக எந்தக் கதவும் யாருக்கும் திறந்து கிடைக்காது. சொல்ல வேண்டிய சொற்கள் புவனாவின் நாக்குவரைக்கும் வந்தன. வேலியோரம் சம்பத் டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்வது தெரிந்தது.

"ஒன்னுமில்லீங்க சின்னம்மா. நல்லபடியா நடக்கோணும்னுதான் நெனச்சேன்."

"அப்பச் செரி. உன்ற கைல வந்துருக்குது. செரியாத்தான் இருக்கும்."

பூவாத்தாள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். புவனா முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். அதைத் தவிர அந்த வீட்டுக்கு அன்றைக்கு அவள் செய்த உதவி வேறொன்றுமில்லை.

மறுநாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள். பூவாத்தாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் ஆரிஃப் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். தீபக் குழுவில் 'இனி நம்ம தோட்டம் நிஜமாவே நம்ம தோட்டம்' என்று போட்டான். மோகனப்பிரியா அதற்கு இதயமாக அடுக்கினாள். புவனாவும் ஒரு இதயம் போட்டாள். போடாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்களே.

சாமான்களை ஏற்றிக்கொண்டு போக அருள்குமார் வேனோடு வருவதாக இருந்தது. அதற்குள் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமென்று எல்லோரும் தோட்டத்துக்கே போனார்கள். மோகனப்பிரியா கிணற்று மேட்டில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தக் கல்லுகளச் சுத்தி பெஞ்சு போட்டுரலாங்களா? கண்ண மூடி உக்காந்தா மனசுக்கு நெம்ப நல்லா இருக்குமுங்க."

அவள் கெட்டவள் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னாள். கற்களின் மேல் மஞ்சள் காய்ந்து உரிந்து, வேப்பஞ்சருகு மூடிக் கிடந்தது. புவனாவால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் போனாள்.

பூவாத்தாள் பாத்திரங்களைப் பழைய சேலையில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். புவனா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, அன்னிக்கு ரண்டு பொட்டலத்துலயும் வெள்ளதானுங்க இருந்துச்சு. செவப்ப நா வெக்கவே இல்ல."

பூவாத்தாளுக்குப் புரியவில்லை. "அதெப்படிக் கண்ணு?"

"நாந்தானுங்க அப்பிடி மடிச்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். எதெ எடுத்தாலும் வெள்ளதான் வந்திருக்கும்."

அடிப்பாள் என்று புவனா எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள், நாசமாய்ப் போ என்பாள். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தாள். ஒருவகையில் அதை வேண்டித்தான் வந்திருந்தாள். பூவாத்தாள் மூட்டையின் முடிச்சை விடாமல் அவளையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப அவங்க என்னெப் போன்னு சொல்லலியா?"

"இல்லீங்க சின்னம்மா. அவங்க ஒன்னுமே சொல்லலீங்க."

பூவாத்தாளின் முகம் அப்படி ஆகும் என்று யார் நினைத்திருப்பார்கள்? கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தாளே! எத்தன பேச்சுப் பேசிப்போட்டேன் அவங்கள. உங்களுக்குக் கண்ணிருக்குதா, நன்றியிருக்குதான்னு நாக்குல நரம்பில்லாமத் திட்டிப்போட்டேன். அவங்க பொட்டாட்டஞ் சத்தங்காட்டாமத்தான் உக்காந்திருந்திருக்கறாங்க" என்றாள். அவசரமாக மூட்டையைப் பிரித்து, உள்ளே கையை விட்டு அகல்விளக்கைத் தேடினாள். அலமாரியில் மிச்சமிருந்த நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கை பரபரத்தது.

புவனாவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. நாள்கணக்காக அழுத்திக்கொண்டிருந்தது இவ்வளவு சுலபமாகப் போகும் என்று அவள் நினைக்கவில்லை. பூவாத்தாள் சிரிப்பதைப் பார்த்து வெட்கமில்லாமல் அவளும் சிரித்தாள்.

ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் கிண்ணமுமாக வாசலைத் தாண்டப் போன பூவாத்தாள் நின்றாள். திரும்பினாள்.

"நேத்து நா கேட்டப்பவே இதெ ஏஞ்சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். புவனாவுக்குப் பதில் தெரியும். அந்தக் காரணத்துக்காகத்தான் ஒருநாள் பொறுத்திருந்தாள். இன்றைக்குச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் குறையாது. நேற்றுச் சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும். தன் மனசாட்சிக்குக்கூட அவள் பத்திரம் முடிந்த பிறகுதான் நேரம் ஒதுக்கியிருக்கிறாள்.

"பயமா இருந்துச்சுங்க சின்னம்மா" என்றாள்.

"கையெழுத்துப் போடமாட்டேன்னா?"

புவனா தலையைக் குனிந்துகொண்டாள். பூவாத்தாள் முகத்திலிருந்த வெளிச்சம் அணையவில்லை. ஆனால் அது இனி புவனாவுக்கானதில்லை.

"நீங்க இங்கயே இருங்க சின்னம்மா. நா எல்லார்த்துகிட்டயும் பேசறேன்" என்றாள் புவனா. திருப்பி எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. மூன்று குடும்பத்தின் பேரில் இருப்பதை அவள் எப்படித் திருப்பிக் கொடுப்பாள்? அவளுடைய மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். அதையும் அவள் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

"வேண்டாமுங்க. அடுத்தவங்க காட்டுல நா எதுக்குங்க?" என்றாள் பூவாத்தாள்.

வெளியே மோகனப்பிரியாவின் சிரிப்பும் தீபக் காலடி அளந்து எண்ணுகிற சத்தமும் கேட்டன. பூவாத்தாள் கிணற்று மேட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். காலை எடுத்து வைக்கவில்லை. தயங்கி, புவனாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அருளு வாரதுக்குள்ள ஒரு வெளக்கு வெச்சுப்போட்டுப் போயிர்றேனுங்க. வெக்கலாமுங்களா?"

பதில் வரும்வரை பூவாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றாள்.